சிவந்துபோன கல்யாண ஆல்பம்: ஸ்கேன் செய்த படங்களின் நிறத்தை எப்படிச் சரிசெய்வது?

கேள்வியின் சுருக்கம் இதுதான். பெற்றோரின் 1981ஆம் ஆண்டுக் கல்யாண ஆல்பத்தை வீட்டு ஸ்கேனரில் ஏற்றியாகிவிட்டது. எல்லாப் படமும் செங்கல் நிறத்துக்குப் போயிருக்கிறது. ஜிம்ப் (GIMP) என்ற இலவசப் படத் திருத்த மென்பொருளில், நிறத்தைத் தானாகச் சரிசெய்யும் ஆட்டோ ஒயிட் பேலன்ஸ் கொடுத்தால் அப்பாவின் முகம் நீலம் பாரிக்கிறது. கலர் பேலன்ஸில் சிவப்பைக் குறைத்தால் வேட்டி பச்சையடிக்கிறது, தலைமுடி மட்டும் சிவப்பாகவே நிற்கிறது. என்ன செய்வது? இதற்காக ஃபோட்டோஷாப் வாங்க வேண்டுமா?

வாங்க வேண்டாம், ஜிம்ப் தாராளமாகப் போதும். சிக்கல் மென்பொருளில் இல்லை. படத்தின் மேல் சிவப்பாக ஏதோ படிந்திருக்கிறது, அதை வழித்து எடுத்தால் சரியாகிவிடும் என்று நினைத்து வேலையைத் தொடங்குவதில்தான் இருக்கிறது. உண்மையில் எதுவும் படியவில்லை, உள்ளே இருந்தது போயிருக்கிறது.

அந்தக் காலத்து கலர் பிரிண்ட்டில் மூன்று அடுக்குச் சாயம் உண்டு: சையான், மெஜந்தா, மஞ்சள். சையான் என்பது பச்சை கலந்த நீலம். அது சிவப்பு ஒளியை உறிஞ்சும். மெஜந்தா பச்சை ஒளியையும், மஞ்சள் நீல ஒளியையும் உறிஞ்சும். மூன்றும் சேர்ந்து முழுதாக உறிஞ்சும் இடம் கறுப்பு. ஆல்பத்துக்குள் இருட்டில் கிடந்த 1970கள், 80களின் தொடக்கத்துப் பிரிண்ட்களில் பெரும்பாலும் முதலில் கரைவது சையான். நம் ஊர் வெக்கையும் ஈரமும் அதை விரைவுபடுத்தும். சையான் போனால் சிவப்பு ஒளியைத் தடுக்க ஆளில்லை. கறுப்பாக இருக்க வேண்டிய தலைமுடி சிவப்பது அதனால்தான். இதோடு தாளில் மஞ்சள் கறையும் ஏறுகிறது. அது வெள்ளைப் பகுதிகளில்தான் தெரியும்.

ஆக இரண்டு வியாதிகள். கருமையில் சிவப்பு, வெண்மையில் மஞ்சள். படம் முழுவதற்கும் ஒரே அளவாகச் சிவப்பைக் குறைத்தால், ஏற்கெனவே சரியாக இருந்த வெண்பகுதியில் சிவப்பு போதாமல் போய் வேட்டி பச்சையடிக்கும். கருமையில் இருக்கும் சிவப்போ அவ்வளவு சுலபத்தில் போகாது. நீங்கள் பார்த்தது இதைத்தான்.

ஆட்டோ ஏன் நீலம் அடித்தது என்பதற்கும் விடை இருக்கிறது. ஜிம்ப்பின் ஆட்டோ ஒயிட் பேலன்ஸ், சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று சேனல்களையும் தனித்தனியாக எடுத்து, இரு முனையிலும் 0.05 சதவீதப் பிக்சல்களை விட்டுவிட்டு, மிச்சத்தை 0 (முழு இருட்டு) முதல் 255 (முழு வெளிச்சம்) வரை இழுத்து நீட்டும். படத்தில் உண்மையான வெள்ளையும் உண்மையான கறுப்பும் இருந்தால் பிரமாதமாக வேலை செய்யும். முகூர்த்தப் படத்தில் என்ன இருக்கிறது? சந்தன நிறப் பட்டு வேட்டி, சாமந்தி மாலை, மஞ்சள் அட்சதை, பின்னால் ஜிகினாத் திரை. இருப்பதிலேயே வெளிச்சமான பொருளே மஞ்சள்தான். அதைக் கொண்டுபோய் வெள்ளையாக்குவதற்காக நீலத்தை ஏற்றுகிறது, அந்த நீலம் முகத்திலும் ஏறுகிறது. அந்தப் பொத்தானுக்குப் பட்டு வேட்டி தெரியாது, உங்களுக்குத் தெரியும். கையால் செய்ய வேண்டும் என்பதற்கு இந்த ஒரு காரணம் போதும்.

நிறத்தில் கைவைக்கும் முன் ஸ்கேனை ஒருமுறை பாருங்கள். ஸ்கேனர் மென்பொருளில் தானியங்கி நிறத் திருத்தம், ஷார்ப்னெஸ் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, சேனலுக்கு 16 பிட் (சில ஸ்கேனர்களில் இது 48 பிட் என்று இருக்கும்), டிஃப் கோப்பு, 600 டிபிஐ என்று வைத்து மறுபடி எடுங்கள். 8 பிட் ஜேபெக்கில் எடுத்திருந்தால், வெளுத்துச் சுருங்கிப்போன சேனலை நீட்டும்போது நெற்றியிலும் கன்னத்திலும் படிக்கட்டு மாதிரி பட்டை விழும். பிரிண்ட்டைச் சுற்றியுள்ள வெள்ளை ஓரத்தையும் சேர்த்தே ஸ்கேன் செய்யுங்கள், அதை வெட்டிவிடாதீர்கள். ஆனால் ஓரத்துக்கும் வெளியே தெரியும் ஸ்கேனர் மூடியின் வெள்ளையைக் கட்டாயம் வெட்டிவிடுங்கள். மூடி பழுப்பதில்லை. அது உள்ளே இருந்தால், எந்த வெளிச்ச அளவில் எத்தனை பிக்சல் என்று காட்டும் ஹிஸ்டோகிராம் வரைபடம் பொய் சொல்லும்.

நெகட்டிவ் கிடைக்குமா என்றும் விசாரியுங்கள். எடுத்த ஸ்டுடியோ இன்னும் இருந்தால், பழைய கவர்களைப் பரணில் போட்டு வைத்திருப்பவர்கள் உண்டு. பிரிண்ட்டைவிட நெகட்டிவ் நன்றாக இருக்க வாய்ப்பு அதிகம். கண்ணாடிச் சட்டத்தில் ஒட்டிக்கொண்ட படம் இருந்தால் பிய்க்காதீர்கள், படம் பதிந்திருக்கும் மேற்பூச்சு (எமல்ஷன்) உரிந்து கண்ணாடியோடு போய்விடும். கண்ணாடியைத் துடைத்துவிட்டு அப்படியே ஸ்கேன் செய்யலாம். ஆனால் யூஎஸ்பி ஒயரிலேயே ஓடும் மெல்லிய சிஐஎஸ் வகை ஸ்கேனர்களில் தாள் கொஞ்சம் உயர்ந்தாலும் கலங்கலாக விழும். அதற்குத் தடிமனான சிசிடி வகை வேண்டும்.

இனி ஜிம்ப். 2.10 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பு இருக்கட்டும். 2018இல் வந்த அந்தப் பதிப்பிலிருந்துதான் 16 பிட் படங்களை அப்படியே கையாள முடிகிறது. லேப்டாப்பில், இரவில் திரையை மஞ்சளாக்கும் நைட் லைட் ஓடிக்கொண்டிருந்தால் அணையுங்கள். அது ஓடும்போது செய்த திருத்தம் காலையில் பார்த்தால் நீலமாக இருக்கும்.

முதல் வேலை அளவெடுப்பது. கலர் பிக்கர் கருவியை எடுத்து, ஒரு பிக்சலை மட்டும் படிக்காமல் சுற்றியுள்ளவற்றின் சராசரியைப் படிக்கும்படி வைத்துக்கொண்டு, மூன்று இடங்களில் தொடுங்கள்: வெள்ளை ஓரம், தலைமுடியில் பளபளப்பு இல்லாத இருண்ட பகுதி, முகத்தில் ஃப்ளாஷ் அடித்து வெளுக்காத கன்னம். இப்படி ஒரு மாலை மாற்றும் படத்தில் வரக்கூடிய எண்களை வைத்துச் சொல்கிறேன். ஓரம்: சிவப்பு 246, பச்சை 229, நீலம் 196. முடி: 104, 47, 52. கன்னம்: 196, 128, 112.

ஓரத்தில் சாயமே கிடையாது, வெறும் தாள். அங்கே நீலம் மட்டும் 196க்கு இறங்கியிருப்பது மஞ்சள் கறையின் அளவு. முடியில் சிவப்பு 104இல் நிற்பது போய்விட்ட சையானின் அளவு. வியாதி என்ன, எங்கே, எவ்வளவு என்பதை இந்த ஆறு எண்களே சொல்லிவிடுகின்றன. கண் சொல்லாது. ஐந்து நிமிடம் ஒரு சிவந்த படத்தையே பார்த்துக்கொண்டிருந்தால் அதுவே சரியான நிறம் என்று கண் பழகிவிடும்.

கலர்ஸ் மெனுவில் லெவல்ஸைத் திறந்து, மேலே சேனல் என்ற இடத்தில் சிவப்பைத் தேர்ந்தெடுங்கள். ஹிஸ்டோகிராம் குன்று வலப்பக்கமாக ஒதுங்கி, இடப்பக்கம் வெறுமையாகக் கிடக்கும். குன்றின் அடிவாரம் தொடங்கும் இடத்துக்குக் கறுப்பு முக்கோணத்தைக் கொண்டுவாருங்கள். நம் உதாரணத்தில் 95. வெள்ளை முக்கோணம் 250. பச்சையில் 38, 236. நீலத்தில் 42, 204. பெட்டியில் எண்கள் 255 வரை இல்லாமல் 100 வரைதான் இருந்தால் சதவீதமாக மாற்றிக்கொள்ளுங்கள். 95 என்பது 37 சொச்சம்.

இப்போது மறுபடி அளந்தால் முடி 15, 12, 16. கறுப்பு கறுப்பாகிவிட்டது. ஓரம் 248, 246, 242. முழு வெள்ளையாக்காமல் ஒரு துளி வெதுவெதுப்பை நானே விட்டுவைப்பேன். துல்லியமாக 255க்கு இழுத்தால் கூடவே மல்லிகைப்பூவின் மொட்டுகளும் வேட்டி மடிப்புகளும் கரைந்து வெற்றுத்தாளாகிவிடும்.

கன்னம் இப்போது 166, 116, 110. திரையில் பார்த்தால் இன்னும் கொஞ்சம் ரோஜா நிறம், ரூஜ் பூசினாற்போல. இரு முனைகளும் சரி, நடுப்பகுதி மட்டும் பாக்கி. நீலச் சேனலில் நடு முக்கோணத்தை 1.00இலிருந்து 0.83க்கு நகர்த்துங்கள். முனைகள் அசையாமல் கன்னத்தின் நீலம் மட்டும் ஏறக்குறைய 92க்கு இறங்கும். 166, 116, 92 என்பது வெயிலில் நிற்கும் மாநிற மனிதரின் கன்னம்.

எந்த எண் வந்தால் தோல் சரி என்று எப்படித் தெரியும்? சிவப்பு அதிகம், பச்சை நடு, நீலம் குறைவு என்ற வரிசை எல்லோருக்கும் பொது. அதைவிட உதவுவது கலர் பிக்கர் காட்டும் ஹெச்எஸ்வி (HSV) அளவில் இருக்கும் ஹியூ, அதாவது நிறவட்டத்தில் அந்த நிறம் நிற்கும் கோணம். மனிதத் தோலின் ஹியூ, வெள்ளைக்காரராக இருந்தாலும் நம்மவராக இருந்தாலும், இயல்பான வெளிச்சத்தில் பெரும்பாலும் 15 முதல் 30 டிகிரிக்குள் விழும். வேறுபடுவது வெளிச்சமும் அடர்த்தியும்தான். வீடியோவில் நிறத் திருத்தம் செய்பவர்கள் நிறங்களை ஒரு வட்டத்தில் புள்ளிகளாகக் காட்டும் வெக்டர்ஸ்கோப்பில் எல்லாருடைய முகத்துக்கும் ஒரே தோல்நிறக் கோட்டை வைத்துக்கொள்வது இதனால்தான். நம் உதாரணத்தில் லெவல்ஸ் முனைகளைச் சரிசெய்தபின் ஹியூ 6 டிகிரி. நீலத்தைக் குறைத்தபின் 19 அல்லது 20.

இங்கே ஒன்று சொல்லாமல் விட முடியாது. முகம் சரியான நிறத்துக்கு வந்த பிறகும் பலருடைய கை நிற்காது. கொஞ்சம் பிரைட்னெஸ், இன்னும் கொஞ்சம் என்று அப்பாவை வெளுப்பாக்கிவிடுவார்கள். பல ஸ்டுடியோக்களில் ரீடச்சிங் என்றாலே ஆளை வெளுப்பாகக் காட்டுவதுதான் என்றிருந்தது. அது பிரிண்ட்டிலேயே ஏறியிருக்கவும் கூடும். வெளிநாட்டு லேப்களில் நிறத்தைச் சரிபார்க்க வைத்திருந்த ஷெர்லி கார்டில்கூட பல ஆண்டுகளாக இருந்தது வெள்ளைக்காரப் பெண்ணின் முகம்தான். கன்னத்தின் எண்ணை வைத்துக்கொண்டு அவர் இன்றைக்கு இருக்கும் நிறத்தை நேரில் பாருங்கள். மாநிறம் என்றால் மாநிறம். அதை ஏற்றுவது நிறத் திருத்தம் ஆகாது.

லெவல்ஸ் பெட்டியில் கறுப்பு, சாம்பல், வெள்ளை என்று மூன்று ஐட்ராப்பர் இருக்கும். அதால் தொட்ட இடத்தை ஜிம்ப் அந்த நிறமாக்கி, மற்றதை அதற்கேற்ப மாற்றும். ஒரே க்ளிக்கில் காரியம் முடிந்துவிடும் என்று பல வீடியோக்களில் சொல்வார்கள். முடியும், தொடுகிற இடம் சரியாக இருந்தால். பட்டு வேட்டியைத் தொடக் கூடாது. பருத்தி வேட்டியும் ஆபத்துதான், நீலம் போட்டு வெளுத்த துணி அது. எவர்சில்வர் குடம் சாம்பலாகத் தெரியும், ஆனால் பக்கத்தில் இருக்கும் புடவையின் நிறத்தை அது வாங்கிக் காட்டும். கண்ணின் வெள்ளைவிழி வெள்ளையே இல்லை. ஹோம குண்டத்துக்குப் பக்கத்தில் எதைத் தொட்டாலும் தீயின் நிறம் கலந்திருக்கும். ஓரம் வெட்டப்பட்ட படமாக இருந்தால் சட்டை காலர், கல்யாணப் பத்திரிகை, வெள்ளையடித்த சுவர் என்று இரண்டு மூன்று இடங்களைத் தொட்டு, எல்லாவற்றுக்கும் நடுவே ஒரு முடிவுக்கு வாருங்கள்.

நமக்கு மட்டும் ஒரு வசதி உண்டு. கூறைப்புடவை பீரோவில் இருக்கும். அதை எடுத்து, பகலில், நேர் வெயில் படாத ஜன்னலோரம் விரித்துப் பாருங்கள். முந்தானையின் அரக்கும் படத்தில் இருக்கும் அரக்கும் எவ்வளவு தள்ளி நிற்கின்றன என்று அங்கேயே தெரிந்துவிடும். சையான் போன படத்தில் அரக்கு எப்போதும் தக்காளிச் சிவப்பாகவோ ஆரஞ்சாகவோதான் இருக்கும். சிவப்புச் சேனலின் கறுப்பு முக்கோணத்தை நகர்த்தும்போது அது கண்முன்னே ஆழமாகி அரக்குக்குத் திரும்புவதைப் பார்க்கலாம். ஆனால் ஜரிகையை நம்பாதீர்கள். ஃப்ளாஷ் பட்ட ஜரிகை படத்துக்குப் படம் வேறு நிறம் காட்டும். வாழைமரத்தின் பச்சை நல்ல சாட்சி. அது நீலப்பச்சையாகத் தெரிந்தால் நீலத்தை அளவுக்கு மீறி ஏற்றிவிட்டீர்கள் என்று பொருள்.

லெவல்ஸோடு தீராத படங்களும் இருக்கும். முடி சரி, ஓரம் சரி, ஆனால் நிழல் விழுந்த தோள்பட்டை பச்சை, நெற்றி ரோஜா. இதற்கு, ஒரு கோட்டை வளைத்து வெளிச்ச அளவுகளை மாற்றும் கர்வ்ஸ். அதிலும் சேனல் சேனலாகத்தான். பச்சைச் சேனலில் கீழ்க் கால்பகுதியில் ஒரு புள்ளி வைத்துச் சற்றே இறக்கி, மேல் கால்பகுதியில் ஒரு புள்ளி வைத்துச் சற்றே ஏற்றுங்கள். பிடித்து வளைக்க வேண்டாம், நாலைந்து அலகு நகர்ந்தால் போதும். கோட்டில் மூன்று புள்ளிக்கு மேல் வைக்க வேண்டியிருந்தால் லெவல்ஸில் ஏதோ தவறியிருக்கிறது, திரும்பிப் போங்கள். சாச்சுரேஷனை, அதாவது நிறத்தின் அடர்த்தியை, கடைசியில் தொடுங்கள். வெளுத்த படம் என்பதால் முதலிலேயே அதை ஏற்றத் தோன்றும். ஆனால் சேனல்களை நீட்டும்போதே நிறம் தானாகக் கூடிவிடும், பெரும்பாலும் அதற்கு வேலையே இருக்காது.

பசை தடவிய அட்டையில் பிளாஸ்டிக் தாளை மூடி ஒட்டும் ஆல்பமா உங்களுடையது? அப்படியென்றால் மஞ்சள் வரிவரியாக ஏறியிருக்கும். மொத்தப் படத்துக்கும் ஒரு திருத்தம் என்பது அங்கே செல்லாது. லேயரை நகலெடுத்து, நகலில் கறை படிந்த இடம் சரியாகும்வரை நீலத்தை ஏற்றி, அந்த நகலை முழுக்க மறைக்கும் கறுப்பு மாஸ்க் போட்டு, கறை இருக்கும் இடத்தில் மட்டும் மென்மையான தூரிகையால் வெள்ளை பூசி வெளிக்கொண்டுவர வேண்டும். ஒரு பக்கம் மட்டும் வெளுத்திருந்தால் தூரிகைக்குப் பதில், ஒரு பக்கத்திலிருந்து படிப்படியாக மங்கும் கிரேடியன்ட். பொறுமை வேண்டும். எல்லாப் படத்துக்கும் இதைச் செய்ய உட்காராதீர்கள், தாலி கட்டும் படத்துக்கும் குடும்பக் குரூப் படத்துக்கும் மட்டும் செய்தால் போதும்.

ஹாலில் மாட்டியிருந்த படங்கள் வேறு கதை. வெளிச்சத்தில் வெளுத்தவற்றில் மெஜந்தாவும் மஞ்சளும் முந்திக்கொண்டு போயிருக்கலாம், படம் பச்சையாகவோ நீலமாகவோ சாய்ந்திருக்கும். முறை அதேதான், முடியையும் ஓரத்தையும் அளக்க வேண்டும். எண்கள் மட்டும் வேறு சேனலைக் குற்றம் சொல்லும். ஆல்பத்துப் படத்துக்கு எழுதிவைத்த எண்களை இதற்குப் போடக் கூடாது. அதே ஆல்பத்துக்குள், ஒரே ரோலில் எடுத்து ஒரே நாளில் கழுவிய படங்களுக்கு மட்டும் எண்களை அப்படியே பயன்படுத்தலாம். லெவல்ஸ் பெட்டியில் பிரீசெட்டாகச் சேமித்துக்கொண்டால் அடுத்த படத்துக்கு நேரம் மிச்சம்.

சையான் அறவே போய், சிவப்புச் சேனலில் வெறும் வெளிச்சமும் புள்ளிகளும் மட்டும் மிஞ்சிய படமும் ஒன்றிரண்டு வரும். சேனல்ஸ் பலகத்தில் மற்ற இரண்டின் கண் சின்னத்தை அணைத்து, ஒவ்வொரு சேனலாகப் பாருங்கள். இப்படிச் சிவந்த பிரிண்ட்களில் பச்சைச் சேனல்தான் பொதுவாகத் தெளிவாக இருக்கும், ஏனென்றால் மெஜந்தா பிழைத்திருக்கிறது. சேனல் மிக்ஸரில் சிவப்புக்கு 75 சதவீதம் சிவப்பும் 25 சதவீதம் பச்சையும் கொடுத்தால் உருவத்துக்குக் கொஞ்சம் சதை பிடிக்கும். அதற்கு மேல் கொடுத்தால் எல்லா நிறமும் ஒன்றுபோல ஆகிவிடும். அதுவும் உதவவில்லையா, மோனோ மிக்ஸரில் பச்சையை மட்டும் வைத்துக் கறுப்பு வெள்ளையாக்கிவிடுங்கள். அரைகுறை நிறத்தைவிட நல்ல கறுப்பு வெள்ளை எத்தனையோ மேல்.

ஆல்பத்தின் முன்பக்கங்களில் தாத்தா பாட்டியின் கறுப்பு வெள்ளைப் படங்கள் இருந்தால், ஊட்டியில் இயங்கிய ஹிந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸின் 'இந்து' பிராண்ட் ஃபிலிமில் எடுத்தவையாகக்கூட அவை இருக்கலாம், அவற்றில் எடுக்க வேண்டியது சிவப்புச் சேனலை. மஞ்சள் கறை நீலச் சேனலில் அப்பட்டமாகத் தெரியும், சிவப்பில் ஏறக்குறையக் காணாமல் போகும். கன்னத்தில் ரோஜாவும் புடவையில் பச்சையும் கையால் தீட்டிய படமாக இருந்தால் மட்டும் இப்படிச் செய்யாதீர்கள். அந்த வண்ணம் ஓர் ஓவியர் உட்கார்ந்து தீட்டியது, அதைக் காப்பாற்ற வேண்டும்.

ஒரு தொடுதலில் பழைய படத்தைப் புதுப்பிக்கும் ஏஐ செயலிகளைப் பற்றியும் கேட்பீர்கள். நிறத்துக்கு மட்டும் சில நேரம் நன்றாகவே செய்கின்றன. ஆனால் அவற்றில் பல, கூடவே முகத்தையும் புதிதாக வரைந்துவிடும். மூக்குத்தி இடம் மாறும், அத்தையின் கண் வேறு யாருடைய கண்ணாகவோ ஆகிவிடும், கல்வெட்டு மாதிரி இருந்த தாத்தாவின் நெற்றிச் சுருக்கம் மழமழவென்று போய்விடும். செய்து பார்ப்பதென்றால் நகலில் செய்யுங்கள். திருத்தாத டிஃப் கோப்புகளைத் தனி ஃபோல்டரில் போட்டு அதைத் தொடாமலே வைத்துக்கொள்ளுங்கள்.

பிரிண்ட் போடுவதற்கு எஸ்ஆர்ஜிபி (sRGB) என்ற பொதுவான நிற அளவுகோல் புரொஃபைலில், உயர்ந்த தரத்தில் ஜேபெக்காக ஏற்றுமதி செய்யுங்கள். லேப்பில் கொடுக்கும்போது 'கரெக்ஷன் எதுவும் போடாம அப்படியே அடிச்சுக் குடுங்க' என்று சொல்லிவிட வேண்டும். சொல்லாவிட்டால் அங்கே இருக்கும் மெஷின் தன் பங்குக்கு ஒருமுறை ஆட்டோ திருத்தம் போட்டுவிடும். மொத்த ஆல்பத்தையும் ஒரேயடியாகக் கொடுக்காமல், ஃப்ளாஷில் எடுத்தது ஒன்று, வெளியில் எடுத்தது ஒன்று என்று இரண்டை மட்டும் 4க்கு 6 அளவில் போட்டு வாங்கி, பகல் வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள். திரையில் இருந்ததைவிட இருட்டாகத்தான் வரும், பெரும்பாலும் திரையின் பிரைட்னெஸ்தான் காரணம். அதைப் பாதிக்குக் குறைத்துவைத்துப் படத்தின் வெளிச்சத்தை மறுபடி சரிபார்த்துவிட்டு மீதியைக் கொடுக்கலாம்.